மூன்று நாளைக்கு முன் ஓடிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க பி.ஓ.டி. என்றொரு சோதனை உண்டு. தண்ணீரில் கலந்த அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது என்ற கணக்கு அது. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த ஆறு குளிக்கவே ஆகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

சரி, சோதனைக்கு எத்தனை நேரமாகும்? நம் நாட்டு முறைப்படி தண்ணீர்ப் புட்டியை 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். பல நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள். நொய்யல் ஆற்றில் திருப்பூர்ப் பக்கம் இன்றிரவு யாராவது கழிவைத் திறந்துவிட்டால், முடிவு கைக்கு வருவதற்குள் அது எங்கேயோ போயிருக்கும்.

இங்கேதான் இயந்திரக் கற்றல் உதவுகிறது. வெப்பநிலை, கலங்கல், மின்கடத்துதிறன், கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஆகியவற்றை ஆற்றில் இறக்கிய உணரிகள் உடனுக்குடன் சொல்லிவிடும். பழைய ஆய்வக முடிவுகளையும் அதே நேரத்து உணரி அளவுகளையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்கினால், கணினி மாடல் இன்றைய பி.ஓ.டி.யை உத்தேசமாகச் சொல்லும். சாயக்கழிவுக்கு இவ்வளவுகூட வேண்டாம். சாயம் ஏற்ற உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும்; மின்கடத்துதிறன் எகிறினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் இந்தத் துறையில் வரும் ஆய்வுகள் சிலவற்றைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஏழெட்டு அளவுகளைச் சூத்திரத்தில் போட்டு நீர்த்தரக் குறியீடு என ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அப்புறம் அதே ஏழெட்டு அளவுகளைக் கொடுத்து, அதே எண்ணை மாடல் துல்லியமாகக் கணித்துவிட்டது என்கிறார்கள். பாடவாரியாக மார்க்கைக் கொடுத்துவிட்டு மொத்தத்தை ஊகிக்கச் சொல்வதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

எனக்குப் பெரிய கவலை வேறு. சாம்பிள் எடுப்பவர் ஆற்றங்கரைக்குப் போவது பெரும்பாலும் பகலில். வெயிலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடும், தண்ணீர் நல்ல பிள்ளையாகத் தெரியும். இரவெல்லாம் அந்த ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய், விடியலை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அப்போதுதான். பகல் புட்டிகளை மட்டுமே பார்த்துப் பழகிய மாடலுக்கு அந்த நேரத்து ஆறு என்னவென்றே தெரியாது.

என்னைக் கேட்டால், இன்னொரு புது மாடலுக்குப் பணம் கேட்க மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்குப் புட்டியோடு ஆற்றில் இறங்க இரண்டு பேருக்குச் சம்பளம் கேட்பேன்.

நன்றி, வணக்கம்.