அவர் சொல்ல ஆகும்: படைப்பைக் கடவுளின் வார்த்தையாகப் பார்ப்பது

[திரை முழுக்க இருட்டு. குரல் மட்டும்.]

"தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று." வேதாகமத்தில் கடவுள் பேசுகிற முதல் பேச்சு இதுதான்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து, கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வெளிச்சம் வருவது முதல் நாளில். புல், பூண்டு, மரம் எல்லாம் மூன்றாம் நாளில். சூரியன்? நான்காம் நாளில்தான்! எழுதியவருக்கு வரிசை தெரியாமல் போய்விட்டதா என்ன? இல்லை. சுற்றிலும் இருந்த மக்கள் சூரியனையே தெய்வமாகக் கும்பிட்ட காலம் அது. வெளிச்சத்துக்கு மூலம் சூரியன் அல்ல, கடவுளின் வார்த்தை என்று இந்த அதிகாரம் வரிசையை வைத்தே சொல்லிவிடுகிறது.

[பாபிலோனியக் களிமண் பலகையின் படம்]

பாபிலோனியரின் படைப்புக் கதை வேறு மாதிரி. அங்கே மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற பெண் தெய்வத்தைப் போரில் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறது. ஆதியாகமத்தில் போர் இல்லை, ரத்தம் இல்லை, தோற்கடிக்க எதிரியும் இல்லை. கடவுள் சொல்கிறார், ஆகிறது. எபிரெய மூலத்தில் "தேவன் சொன்னார்" என்பது இந்த ஒரே அதிகாரத்தில் பத்து முறை வருகிறது. இந்த உலகம் வன்முறையில் பிறக்கவில்லை என்பதை நான் மிகப் பெரிய நற்செய்தியாகவே நினைக்கிறேன்.

சரி, வார்த்தையால் படைத்தார் என்றால் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

குயவர் பானையை வனைந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், பானை இருக்கும். பாடகர் வாயை மூடினால் பாட்டு நின்றுவிடும். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் மனிதனை மண்ணால் உருவாக்கியதைச் சொல்வது உண்மைதான். ஆனால் உலகம் நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது வேதம் பாட்டின் பக்கம் நிற்கிறது. "சர்வத்தையும் தம்முடைய வல்லமையுள்ள வசனத்தினாலே" கிறிஸ்து தாங்குகிறார் என்கிறது புதிய ஏற்பாட்டில் உள்ள கடிதமான எபிரெயர் நிருபம். 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுசும் இதையே அழுத்திச் சொன்னார்: இல்லாமையிலிருந்து வந்த உலகம் மறுபடி இல்லாமைக்கே போய்விடாதபடி வார்த்தையானவராகிய கிறிஸ்து பிடித்து வைத்திருக்கிறார். அப்படியானால் படைப்பு என்றோ முடிந்துபோன வேலை அல்ல. இந்த நொடியும் நாம் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அறிவியலோடு இது மோதுமா என்று கேட்பீர்கள். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. தன் கோட்பாட்டை வேதத்துக்கு ஆதாரமாக இழுப்பதை அவரே விரும்பவில்லை. பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பது ஒரு கேள்வி. அது ஏன் இருக்கிறது, யாரால் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

[இரவு வானம். நட்சத்திரங்கள் மெல்ல நகர்கின்றன.]

இப்போது வேதாகமத்தின் பாடல்களான சங்கீதங்களில் 19-ஆம் சங்கீதத்துக்கு வருவோம். "பகலுக்குப் பகல் வார்த்தைகளைப் பொழிகிறது" என்று வானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை" என்கிறது. முரண்பாடு போலத் தெரிந்தாலும், வானத்தை அண்ணாந்து பார்த்த யாருக்கும் இது புரியும். அங்கே ஏதோ சொல்லப்படுகிறது. ஆனால் காதில் எதுவும் விழுவதில்லை.

அப்புறம், அந்தப் பேச்சு முழுவதும் நம்மை நோக்கியதும் அல்ல. யோபு புத்தகத்தின் 38, 39 அதிகாரங்களில் கடவுள், துன்பத்தில் தவித்த யோபுவிடம் வரையாடு குட்டி போடுவதைப் பற்றிப் பேசுகிறார், தீக்குருவியை, அதாவது நெருப்புக்கோழியைப் பற்றிப் பேசுகிறார், மனிதரே குடியில்லாத பாலைநிலத்தில் பெய்கிற மழையைப் பற்றிப் பேசுகிறார். அந்த மழையால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே முளைக்கிற இளம்பூண்டுக்கு இருக்கிறது. கடவுளுக்கு அது போதும்.

ஆனாலும் கிறிஸ்தவ விசுவாசம் வானத்தோடும் மழையோடும் நிற்பதில்லை. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தன் நற்செய்தியைத் தொடங்கும் யோவான், "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று" என்கிறார். பிறகு "அந்த வார்த்தை மாம்சமாகி" நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்கிறார். கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமும் தன் விசுவாச அறிக்கையில் அதையே எழுதி வைத்தது: எல்லாம் இயேசு கிறிஸ்து வழியாகவே உண்டாயின.

[அலைகள். ஒரு சிறிய படகு.]

இதைக் கண்ணெதிரே காட்டுகிற இடம் மாற்கு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரம். பலத்த சுழல்காற்று, படகு தண்ணீரால் நிரம்புகிறது, இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்புகிறார்கள். அவர் ஜெபம் செய்யவில்லை, மோசேயைப் போலக் கோலை நீட்டவில்லை. "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், அவ்வளவுதான். ஆதியாகமத்தில் நடந்ததே இங்கேயும் நடக்கிறது: சொன்னார், ஆயிற்று.

இதற்குப் பிறகு சீஷர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாக மாற்கு எழுதவில்லை. மிகவும் பயந்தார்கள் என்று எழுதுகிறார். கொந்தளிப்பை அமர்த்தி அலைகளை அடக்குகிறவர் கர்த்தர் என்று 107-ஆம் சங்கீதம் சொல்கிறது. சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த யூதர்கள் அவர்கள். "இவர் யாரோ, காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே" என்று ஒருவரையொருவர் கேட்டபோது, பதில் என்னவாக இருக்கும் என்று அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும்.