பேய் என்று தெரிந்தும் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை? ‘போல்டர்கைஸ்ட்’ பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருகிறேன். போன நிகழ்ச்சியில் ‘போல்டர்கைஸ்ட்’ படத்தை நான் கொஞ்சம் தாராளமாகவே புகழ்ந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நேயர் கோபமாக எழுதியிருக்கிறார். “நாற்காலி தானாக நகர்ந்த அன்றைக்கே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தப் படமே கிடையாது. பேய் என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருப்பது என்ன புத்தி? குடியிருப்பு முழுவதும் கல்லறை நிலத்தின் மேல் கட்டியது என்றால், இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் பேய் வருகிறது?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால் முதல் பாதியில் படத்தின் மேல் வீண் பழி சுமத்துகிறீர்கள். இன்னொரு இடத்தில் பிடித்திருந்தால் படம் தப்பியிருக்காது. அதையும் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1982 ஜூனில் வந்த படம். இயக்கம் டோபி ஹூப்பர். கதையும் தயாரிப்பும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அவருடைய ‘ஈ.டி.’ இதற்கு ஒரு வாரம் கழித்து வெளியானது. கலிபோர்னியாவில் குவெஸ்டா வெர்டே என்ற கற்பனைக் குடியிருப்பு. அங்கே வீடு விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஸ்டீவ் ஃப்ரீலிங் அதே குடியிருப்பில் குடும்பத்தோடு வசிக்கிறான். மனைவி டயான், பிள்ளைகள் டேனா, ராபி, கடைக்குட்டி கேரல் ஆன். ஒளிபரப்பு முடிந்து புள்ளிகள் மட்டும் ஓடும் டிவியோடு அந்தக் குழந்தை பேச ஆரம்பிக்கிறாள். பிறகு டிவிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் கேட்கிறது. முடிவு வரை சொல்லப்போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் நாற்காலி. டயான் சமையலறையில் ஒரு கணம் திரும்புகிறாள். மறுபடி பார்ப்பதற்குள் நாற்காலிகள் எல்லாம் மேஜை மேல் கோபுரமாக ஏறி நிற்கின்றன. அடுத்து அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். தரையில் கோடு போட்டு அடையாளம் வைக்கிறாள். குழந்தைக்கு விளையாட்டு ஹெல்மெட்டை மாட்டி உட்கார வைக்கிறாள். குழந்தை தரையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகிறாள். கணவன் வேலை முடிந்து வந்ததும் அவனுக்கும் செய்து காட்டுகிறாள். முகத்தில் பயமே இல்லை, பூரிப்புதான் இருக்கிறது. அந்த நிலையில் யார் வீட்டைக் காலி செய்வார்கள்? பேய் அன்றைக்கு ஒருவரையும் துன்புறுத்தவில்லையே.

அன்று இரவே எல்லாம் தலைகீழாகிறது. வாசல் மரம் ஜன்னலை உடைத்து ராபியைப் பிடிக்கிறது. எல்லோரும் அவனைக் காப்பாற்ற வெளியே ஓடிய நேரத்தில், அறையில் உள்ள அலமாரி கேரல் ஆனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிரிப்புக்கும் ஓலத்துக்கும் நடுவே கிளம்புவதற்கென்று ஒரு பகல் பொழுதுகூட மிச்சமில்லை. அதற்குப் பிறகு “ஏன் ஓடவில்லை” என்று கேட்க முடியுமா? பெற்ற பிள்ளை வீட்டுக்குள் எங்கோ இருக்கிறாள், குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். தாய் எங்கே ஓடுவாள்? ஓடக்கூடியவர்களை அவர்கள் வெளியே அனுப்பத்தான் செய்கிறார்கள். ராபியை டாக்சியில் ஏற்றிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் காட்சி இருக்கிறது. கண்ணிமைத்தால் போய்விடும், அதனால்தான் பலருக்கு நினைவில்லை.

1979இல் வந்த ‘தி அமிட்டிவில் ஹாரர்’ படத்தில் குடும்பத்தைக் கட்டிப்போடுவது வீட்டுக்குக் கொட்டிய பணம். அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் கொஞ்சம் தடுமாறும். இங்கே தடுமாறாது.

ஆக, படம் வழுக்குவது இங்கே இல்லை, பின்னால். ஆவிகளோடு பேசும் டேன்ஜினா என்ற குள்ளமான அம்மையார் வருகிறார். இறந்ததே தெரியாமல் அலையும் ஆன்மாக்கள் ஒருபுறம், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கொடிய சக்தி ஒன்று மறுபுறம் என்று பிரித்துச் சொல்கிறார். இந்தப் பிரிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்துகளை மாடியறை அலமாரிக்குள் எறிந்தால் கீழே கூடத்தின் கூரையிலிருந்து விழுகின்றன; அதே வழியில் இடுப்பில் கயிற்றோடு டயான் போய்க் குழந்தையை மீட்கிறாள். ஆன்மாக்கள் ஒளியை நோக்கிப் போய்விட்டன, வீடு சுத்தமாகிவிட்டது என்று டேன்ஜினா அறிவிக்கிறார்.

அதன் பிறகு இவர்கள் செய்யும் காரியம்தான் எனக்குத் தாங்கவில்லை. சாமான்கள் ஏற்றியாகிவிட்டது. ஸ்டீவ் அலுவலகக் கணக்கை முடிக்கப் போகிறான். டேனா வெளியே போயிருக்கிறாள். டயான் நிதானமாகத் தொட்டியில் குளிக்கிறாள். சரி, குளிக்கட்டும். பிள்ளைகள் இரண்டு பேரையும் எந்த அறையில் படுக்க வைத்திருக்கிறாள்? அதே அறை! அதே அலமாரி! பல் இளிக்கும் அந்தக் கோமாளிப் பொம்மைகூட இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியில் எத்தனையோ ஏற்றியவர்களுக்கு அதை ஏற்றவோ எறியவோ தோன்றவில்லை. முந்தைய ஒரு மணி நேரம் முழுக்க அந்தத் தாயின் அறிவை நம்ப வைத்துவிட்டு, இரண்டாவது உச்சக்கட்டம் ஒன்று வேண்டும் என்பதற்காக ஒரே இரவில் அவளை அறிவிலி ஆக்கிவிட்டார்கள். நேயர் கோபப்பட வேண்டிய இடம் இது.

இதைவிடப் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. நீச்சல் குளத்துக்காகத் தோண்டிய பள்ளத்திலிருந்தும் தரையைப் பிளந்துகொண்டும் சவப்பெட்டிகள் எழுகின்றன. ஸ்டீவ் தன் முதலாளி டீக்கின் சட்டையைப் பிடித்து, கல்லறைக் கற்களை மட்டும் மாற்றிவிட்டுப் பிணங்களை அப்படியே விட்டுவிட்டாய் என்று கத்துகிறான். அபாரமான காட்சி. ஆனால் அந்த ஆன்மாக்கள்தான் ஒளிக்குப் போய்விட்டனவே? போனது உண்மை என்றால் இந்தப் பெட்டிகளைத் தூக்கி எறிவது யாருடைய கோபம்? மிச்சமிருந்த கொடிய சக்தியின் வேலை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியானால் அதற்கும் புதைந்த பிணங்களுக்கும் என்ன சம்பந்தம்? டீக் செய்தது துரோகம் என்ற கதை ஒன்று, குழந்தையைத் திருடும் பூதத்தின் கதை ஒன்று. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒட்டும்போது பசை போதவில்லை.

“அஸ்திவாரம் தோண்டும்போதே பெட்டி கிடைத்திருக்காதா” என்று நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் இந்த மாதிரி வரிசை வீடுகளைப் பெரும்பாலும் தரையோடு தரையாகக் கான்கிரீட் பலகை போட்டு, அதன் மேல் மரச்சட்டத்தில் எழுப்புவார்கள். ஆறடிக் குழியின் பக்கமே போக வேண்டாம். நீச்சல் குளம் என்று வரும்போதுதான் ஆழம் போக வேண்டும். படம் தொடங்கும்போதே ஃப்ரீலிங் வீட்டுப் பின்புறத்தில் குளம் தோண்ட வந்துவிடுகிறார்கள். இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பதிலைப் படமே சொல்கிறது: கேரல் ஆன் அந்த வீட்டிலேயே பிறந்தவள், அவளுடைய உயிர்த்துடிப்பு ஆன்மாக்களைக் கவர்கிறது. எனக்கு இது போதும்.

கல்லறையை நகர்த்துவது மிகைக் கற்பனையும் இல்லை. அதே கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1900இல் புதிதாகப் புதைக்கத் தடை போட்டது. பிறகு பல ஆண்டுகளில் பெரும்பாலான பிணங்களைத் தோண்டிப் பக்கத்திலுள்ள கோல்மாவுக்கு மாற்றியது. அங்கே நடந்தது டீக் செய்ததற்கு நேர் எதிர். பிணங்கள் போயின, காசு கொடுக்க ஆளில்லாத கற்கள் தங்கிவிட்டன. புவேனா விஸ்டா பூங்காவின் வடிகால்களில் அவற்றைப் பதித்தார்கள், பெயர் எழுத்தோடு சில இன்றும் தெரியும். கொலராடோவின் டென்வரில் நடந்தது இன்னும் மோசம். 1893இல் பிணத்துக்கு 1.90 டாலர் என்று ஒப்பந்தம் எடுத்தவர், பெட்டிக் கணக்கைக் கூட்டுவதற்காக உடல்களை வெட்டிச் சிறிய பெட்டிகளில் அடைத்தார். பத்திரிகையில் அம்பலமாகி வேலை நின்றது. சுமார் 2,000 பேர் இன்னும் அங்கே இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்; மேலே சீஸ்மன் பூங்கா. டீக் கெட்ட கனவில் வந்த ஆள் இல்லை.

இன்னொன்று. பலர் இதைச் செவ்விந்தியர் கல்லறை என்று நினைவு வைத்திருக்கிறார்கள். டீக் தன் வாயாலேயே அப்படி இல்லை என்கிறான். பழங்குடிகளின் புனித நிலம் ஒன்றும் இல்லை, சாதாரண மனிதர்கள்தான், முன்பும் இப்படிச் செய்திருக்கிறோம் என்பது அவனுடைய வாதம். படத்திலேயே எனக்கு மிகவும் அருவருப்பூட்டிய வசனம் அது.

1986இல் வந்த இரண்டாம் பாகம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. வீட்டுக்கு அடியில் ஒரு குகை, அதில் ஒரு மதபோதகரை நம்பிப் போய் மாண்ட கூட்டம் என்று புதுக் கதை கட்டினார்கள். அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் பழி மொத்தமும் போதகரின் தலையில் விழுந்து, டீக்கின் நிறுவனம் செய்தது பின்னுக்குப் போய்விட்டது. முதல் படத்திலும் டீக்குக்குப் பெரிய தண்டனை இல்லை. வீடு சுருங்கி மறைவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். கற்களை மட்டும் நகர்த்தியவன் வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லையே என்று நேயர் கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.