மஞ்சள் கோடு விமானிக்கு, தளம் பின்சக்கரத்துக்கு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டாக்சிவே மட்டும்தான், அதாவது ரன்வேக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து போகும் பாதை. ஃப்ளைட் சிமுலேட்டருக்குச் சீனரி, அதாவது விமான நிலையக் காட்சிகள், செய்பவர்கள் டெர்மினலுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். டாக்சிவேயை ஒரே மாலையில் வரைந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் விமானி இருக்கையில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதானே!

திரையில் தெரிவது வேர்ல்ட் எடிட்டர். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்குச் சீனரி செய்ய இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து அதன் மேல் வரைகிறேன். படம் சில மீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதால், ஏஐபியில் (நாடுகள் வெளியிடும் அதிகாரபூர்வ விமானத் தகவல் தொகுப்பு) கொடுத்திருக்கும் ரன்வே முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு முதலில் ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, இந்த 90 டிகிரி வளைவைப் பாருங்கள். காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் அகலமாகச் சுற்றிப் போகும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். விமானமும் அப்படித்தான். ஏர்பஸ் ஏ320-இல் மூக்குச் சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே 12.6 மீட்டர். போயிங் 777-300ஈஆரில் அது 31 மீட்டருக்கு மேல். விமானி அறை டாக்சிவேயின் நடுவில் உள்ள மஞ்சள் கோட்டின் மேலேயே சரியாகப் போனாலும், பின்சக்கரம் கோட்டை விட்டு உள்பக்கம் பல மீட்டர் விலகி வரும். அதற்காகத்தான் வளைவின் உள்மூலையில் கூடுதலாகத் தளம் போடுகிறார்கள். அதற்கு ஃபில்லட் என்று பெயர்.

என் முதல் சீனரியில் ஃபில்லட்டே கிடையாது. டாக்சிவேயை 23 மீட்டர் அகலத்தில் வரைந்தேன். 777 மாதிரியான விமானத்துக்கு நேர்ப்பாதையில் அது சரியான அகலம்தான். வளைவிலும் அதே 23 மீட்டரை அப்படியே வளைத்துவிட்டேன். சோதித்துப் பார்த்த நண்பர் ஒரு படம் அனுப்பினார். கோட்டைப் பிசகாமல் பிடித்துத்தான் திரும்பியிருக்கிறார், ஆனாலும் இடதுபக்கச் சக்கரங்கள் புல்லில் நிற்கின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் விமான நிலைய விதிகள் அடங்கிய 14-ஆம் இணைப்பு, விமானி அறை கோட்டின் மேல் இருக்கும்போது பின்சக்கரங்களில் ஓரத்தில் இருக்கும் சக்கரத்துக்கும் தளத்தின் ஓரத்துக்கும் நடுவே 777 மாதிரியான விமானத்துக்கு 4 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. அன்றிலிருந்து நான் ஓரத்தை முதலில் வரைவதில்லை. கோட்டை வரைவேன், பின்சக்கரம் எங்கே வரும் என்று பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் தளம். உங்களையும் அப்படியே செய்யச் சொல்வேன்.

அடுத்தது, இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு வேகமாக வெளியேறும் டாக்சிவே. இதைப் பலர் தெருமுனை போல ஒடித்து வரைகிறார்கள். உண்மையில் ரன்வேயோடு 30 டிகிரி கோணம்தான் விரும்பத்தக்கது. பெரிய ரன்வேக்களில் வளைவின் ஆரம் 550 மீட்டருக்குக் குறையாது. ஈரமான தளத்திலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேற முடிவதற்காக அந்த அளவு. மஞ்சள் கோடும் திடீரென்று பிரியாது. ரன்வே நடுக்கோட்டுக்கு 0.9 மீட்டர் தள்ளி, குறைந்தது 60 மீட்டர் இணையாக வந்து, அப்புறம்தான் மெல்ல விலகும். அந்த இணைக்கோட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள், எங்கே திரும்ப வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும்.

ரன்வேக்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு கோடுகள். இரண்டு முழுக்கோடு டாக்சிவே பக்கம், இரண்டு விட்டுவிட்ட கோடு ரன்வே பக்கம். இதைத் திருப்பிப் போட்ட சீனரிகள் நிறைய இருக்கின்றன. முழுக்கோட்டை முதலில் பார்க்கிறவர் நிற்க வேண்டும், விட்டுவிட்ட கோட்டைப் பார்க்கிறவர் தாண்டி வெளியே வரலாம். துல்லிய அணுகுமுறை (கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் வசதி) உள்ள பெரிய ரன்வே என்றால், நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

பலகைகளில் நிறம் தப்பக் கூடாது. நீங்கள் இருக்கும் டாக்சிவேயின் பெயர் கறுப்பில் மஞ்சள், போகும் திசை மஞ்சளில் கறுப்பு, கட்டாயம் நிற்கச் சொல்வது சிவப்பில் வெள்ளை. கற்பனை விமான நிலையத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஐ, ஓ, எக்ஸ் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் 1, 0 போலத் தெரியும், எக்ஸ் என்பது மூடிய பாதையின் குறி.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் மிலானின் லினாட்டே விமான நிலையம். 2001 அக்டோபர் 8, காலையில் அடர்ந்த மூடுபனி. ஆர்5 டாக்சிவே வழியாகப் போகச் சொன்ன சிறிய செஸ்னா விமானம் ஆர்6-இல் திரும்பிவிட்டது. தரையில் எழுதியிருந்த எஸ்4 என்ற குறியைப் பார்த்து விமானி அதைச் சொன்னார். அந்தக் குறி வரைபடத்திலேயே இல்லை. அது எங்கே என்று கட்டுப்பாட்டாளருக்கும் தெரியவில்லை. தரை ரேடாரும் இயங்கவில்லை. செஸ்னா ரன்வேக்குள் போனபோது ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்டி-87 பயணிகள் விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதின. 118 பேர் இறந்தார்கள். அந்த விபத்தைப் படித்த பிறகு, ஒரு பலகையைக்கூட ஏஐபி வரைபடத்தோடு ஒப்பிடாமல் நான் வைத்ததில்லை.

இப்போது வரைந்ததைச் சேமிக்கிறேன். 777-ஐ எடுத்து, வெளிக் கேமராவை உள்பக்கச் சக்கரத்துக்குக் கீழே வைத்து, கோட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்புகிறேன். பாருங்கள், சக்கரம் ஓரத்தை நெருங்குகிறது… இன்னும் தளத்தில்தான் இருக்கிறது. ஆனால் 4 மீட்டர் இல்லை, மூன்றுதான் இருக்கும். இந்தப் புள்ளியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும்.