‘க்யூல்ஸ்’: பாரசீகப் பூவா, பிரெஞ்சுத் தொண்டையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இங்கிலாந்து அரசச் சின்னத்தில் மூன்று பொற்சிங்கங்கள் நடைபோடும் சிவப்புத் தளத்தைக் குலச்சின்னக் கலை அறிந்தவர்கள் ‘ரெட்’ என்று சொல்வதில்லை, ‘க்யூல்ஸ்’ என்பார்கள். ரோஜாவைக் குறிக்கும் ‘குல்’ என்ற பாரசீகச் சொல்லே சிலுவைப் போர் வீரர்களோடு மேற்கே சென்று அவ்வாறு ஆனது என்று எதிரணித் தலைவர் மணக்க மணக்கப் பேசினார். மணம் இருந்தது, சான்றைத்தான் காணோம்.

நீலத்தைக் குறிக்கும் ‘அஷூர்’ பாரசீகத்திலிருந்து வந்திருக்க, இது வரக்கூடாதா என்று கேட்டார். அஷூர் வந்த தடம் தெரிகிறது. ‘லாஜ்வர்த்’ என்னும் பாரசீகச் சொல் அரபியில் புகுந்து, ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் ‘லாபிஸ் லஜூலி’ என்னும் நீலக்கல்லுக்குப் பெயராகி ஐரோப்பாவை அடைந்தது. ‘குல்’லுக்கு அப்படியோர் இடைப்படி எங்கே? அரபியர் ரோஜாவை ‘வர்த்’ என்றல்லவா அழைக்கிறார்கள்!

எங்கள் வேர், தொண்டை என்று பொருள்படும் ‘குலா’ என்ற லத்தீன் சொல். கழுத்தில் அணிந்த, செஞ்சாயம் ஏற்றிய மென்மயிர்த் தோலுக்கு அப்பெயர் ஏறியது. 12ஆம் நூற்றாண்டில் க்ளேர்வோ மடத் தலைவர் பெர்னார்டு, பேராயர் ஒருவருக்கு எழுதிய மடலில், ‘குலாஸ்’ எனப்படும் சிவப்பேற்றிய எலித்தோல்களைப் புனிதக் கைகளில் சுற்றிக்கொள்ள ஆயர்கள் அஞ்ச வேண்டும் என்று கடிந்துகொள்கிறார். 1146இல் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டியவரும் இவரே. அவருக்கு இச்சொல் நினைவூட்டியது பூவை அன்று, தோலை.

“கையில் சுற்றியது எப்படித் தொண்டையாகும்?” என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி, ஆனால் அது எங்களுக்கே துணை நிற்கிறது. கழுத்துப் பட்டையின் பெயர், உடலில் எங்கு அணிந்தாலும் அந்தச் செந்தோலுக்கே உரியதாகிவிட்டது. தோலிலிருந்து நிறத்துக்கு இன்னும் ஓரடிதான்.

குலச்சின்னம் தீட்டும் கேடயத்தில் நிறங்களுக்கும் தோல்களுக்கும் வழங்கும் பிற பெயர்களையும் பாருங்கள். கறுப்பு வால்நுனிகள் புள்ளியிட்ட வெண்மயிர்த் தோலான ‘எர்மின்’, அணிலின் முதுகுத் தோலையும் வயிற்றுத் தோலையும் மாற்றி மாற்றித் தைத்த ‘வேர்’, கறுப்புக்கு ‘சேபிள்’ என்னும் விலங்கின் பெயர் என்று பாதிச் சொற்கள் தோல் வணிகரின் கடையிலிருந்தே வந்தவை. சிவப்பு மட்டும் பூக்கடைக்குப் போயிற்றா?

மேலும், பழைய பிரெஞ்சில் இந்நிறத்தின் பெயர் ‘தொண்டைகள்’ என்று பன்மையிலேயே வழங்கியது. ஒற்றைப் பூவிலிருந்து பிறந்த சொல்லுக்குப் பன்மை எதற்கு என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்கட்டும்.