கேபினெட் முகப்பில் ஓர் எண்

வணக்கம் நேயர்களே. கணினி கேபினெட்டின் முகப்பில், இரண்டு வரி எழுத்து மட்டுமே காட்டும் சிறு திரை ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. பிராசஸரின் வெப்பம், மின்விசிறியின் வேகம், வட்டில் மிச்சமுள்ள இடம் முதலியவற்றை, மானிட்டர் அணைந்திருக்கும்போதும் அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அத்தகைய திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே என் நெடுங்காலக் கவலை.

386, 486 என்ற பழைய பிராசஸர்களின் காலத்துக் கேபினெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, கால்குலேட்டர் இலக்கங்களைப் போல முகப்பில் ஒளிர்ந்த இரண்டு இலக்க எண் நினைவிருக்கும். அது பிராசஸரின் வேகத்தை அளந்து மெகாஹெர்ட்ஸில் காட்டுகிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 33 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரை எடுத்துவிட்டு 66 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரைப் பொருத்திய அன்று, கணினி விரைந்து ஓடியது. எண் மட்டும் 33 என்றே நின்றது. தவறாகப் பொருத்திவிட்டேனோ என்று ஒரு மாலை முழுவதும் கழற்றிக் கழற்றி மாட்டிய பிறகுதான், அந்த எண் பலகையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். எந்தக் கோடு எரிய வேண்டும் என்பதை அங்கிருந்த ஜம்பர்களே, அதாவது ஊசிகளை இணைக்கும் சிறு செருகிகளே, தீர்மானித்தன. கணினியின் வேகத்தை மாற்றும் டர்போ பொத்தானின் நிலைக்கேற்ப, முன்பே அமைத்துவைத்த இரண்டு எண்களில் ஒன்று தெரியும். அளப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அந்தப் பொத்தானின் உண்மையான பயன், கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளுக்காக வேகத்தைக் குறைப்பதுதான் என்பது தனிக்கதை. நான் ஜம்பர்களை மாற்றி 99 என்று வைத்தேன். வந்தவர்கள் வியந்தார்களே தவிர, ஒருவரும் ஐயப்படவில்லை.

இன்றைய திரைகள் அளந்த எண்ணைத்தானே காட்டுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், கணினி ஓடும்வரை. 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரைகளில் மிகப் பலவற்றில் இருப்பது, ஹிட்டாச்சி உருவாக்கிய எச்டி 44780 என்ற சில்லு அல்லது அதைப் போலவே இயங்கும் ஒன்று. அது 80 எழுத்துகளைத் தன் நினைவிலேயே வைத்திருக்கும். மாற்றச் சொல்லும்வரை மாற்றாது. ஆகவே கணினி உறைந்து நின்றாலும், கடைசியாக வந்த 45 டிகிரி அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும். அளந்த எண்தான், ஆனால் எப்போது அளந்தது? இதனால்தான் என் திரையின் மூலையில் நொடிதோறும் இடம் மாறும் புள்ளி ஒன்றை வைத்திருக்கிறேன். புள்ளி நின்றால் எண்ணும் செத்ததென்று பொருள். கணினிக்கும் திரைக்கும் இடையில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற, நிரல் எழுதக்கூடிய சிறு சில்லை வைப்பவர்கள், ஐந்து நொடி செய்தி வராவிட்டால் திரையைத் துடைத்துவிடும்படி நிரல் எழுதிவிடலாம்.

பொருத்தும் முறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. யுஎஸ்பி வகைத் திரையானால், கம்பியை வெளியே இழுக்காமல் மதர்போர்டிலுள்ள யுஎஸ்பி ஊசிகளிலேயே செருகிவிடலாம். ஓஎல்இடி திரையானால், ஒரே எழுத்து ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் தழும்பு விழும்; அவ்வப்போது நகர்த்துங்கள். புதிய எல்சிடி வெறுமையாகத் தெரிந்தால் பழுதென்று உடனே ஒதுக்கிவிடாமல், கான்ட்ராஸ்ட்டுக்கான சிறு திருகை முதலில் திருப்பிப் பாருங்கள். வணக்கம்.