தினமும் காலை ஆறு மணிக்கு எழுதும் நோட்டு
(நாகப்பட்டினத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கலந்து கிடக்கும் அலைகளைப் புள்ளியியல் எப்படிப் பிரிக்கிறது என்று பேசச் சொன்னீர்கள். கரும்பலகை வேண்டாம். கடைமடை வடிகால் கடலில் சேரும் இடத்தில் நட்டிருக்கும் அளவுகோலே போதும்.

அந்த அளவுகோலில் நீர் ஏறி இறங்குவது ஒரே ஓதத்தால், அதாவது ஒரே கடலேற்ற இறக்கத்தால், அல்ல. சந்திரனால் வருவது 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை, சூரியனால் வருவது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டு நாகஸ்வரம் துளி சுருதி விலகினால் ஒலி எழும்பி எழும்பி அடங்குமே, அதே கதைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது, அஷ்டமி வாக்கில் மந்தம். ஒரு சுற்றுக்கு 14.77 நாள். மீனவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1860களிலேயே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், ஓதங்களைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். இன்றைய வழி எளிது. ஒவ்வொரு அலைவு நேரத்துக்கும் ஒரு சைன், ஒரு கொசைன் வைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, பொருத்த வேண்டும். ஒவ்வொன்றாகப் பொருத்திக் கழித்தால், முதலில் வருவது பக்கத்து அலையின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும்.

சரி, எத்தனை நாள் பதிவு வேண்டும்? இரண்டு அதிர்வெண்களின் (நாளுக்கு எத்தனை சுற்று என்பதன்) வித்தியாசத்தைத் தலைகீழாக்குங்கள். கிட்டத்தட்ட அத்தனை நாள். மேலே சொன்ன இரண்டுக்கும் 15 நாள். நாளுக்கொரு தடவை வரும் 23.93 மணி நேர, 24.07 மணி நேர ஓதங்களைப் பிரிக்க அரை வருஷம். நாலு நாள் பதிவைக் கொடுத்தாலும் கணினி முடியாது என்று சொல்லாது. ஒன்றுக்கொன்று எதிராகப் பெரிய பெரிய வீச்சாகக் கக்கிவிட்டுச் சும்மா இருக்கும். நம்மாட்கள் அதையும் படமாகப் போட்டுவிடுவார்கள்!

ஆனால் நாள் கூடினால் மட்டும் எல்லாம் பிரிந்துவிடாது. தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் மட்டத்தை எழுதுகிறோம் என்று வையுங்கள். 12 மணி நேர ஓதம் தினமும் ஒரே இடத்தில் நிற்கும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சந்திர ஓதம் 14.77 நாள் அலையாக வேஷம் போடும். 23.93 மணி நேர ஓதமோ தினமும் நாலு நிமிஷம் முந்தி வந்து, சரியாக ஒரு வருஷ அலையாகத் தெரியும்.

வம்பு இங்கேதான். நம் கரையில் கடல்மட்டமே வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை சமயத்தில் உயர்கிறது. சம்பா வயலில் நிற்கும் தண்ணீர் வடியாமல் தவிப்பதும் அப்போதுதான். அதில் நிஜமான பருவ உயர்வு எவ்வளவு, வேஷம் எவ்வளவு? முப்பது வருஷக் காலை நோட்டு இருந்தாலும் பிரியாது.

மாலை ஆறு மணிக்கும் ஒரு தடவை எழுதுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த 23.93 மணி நேர ஓதம் குறி மாறிவிடும், பருவ உயர்வு மாறாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பருவம்; கழித்துப் பாதியாக்கினால் நாளுக்கொரு தடவை வரும் ஓதம்.