மேலே பாயும் பாக்ஸர்

வணக்கம் நேயர்களே. பாக்ஸர் நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் புகார்களில் முதலிடம் ஒன்றுக்குத்தான். "யார் வந்தாலும் மேலே பாய்கிறது, சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை." இன்று பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன், அது வழிக்கு வந்துவிட்டால் மற்ற சேட்டைகளில் பாதி தானாக அடங்கிவிடும்.

இந்த இனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் உருவானது. வேட்டையில் பெரிய மிருகங்களைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற ஒரு பழைய ஜெர்மன் இனமும் இங்கிலாந்துப் புல்டாக்கும் கலந்து வந்த நாய். பிற்பாடு காவலுக்கும் போலீஸ் வேலைக்கும் பழக்கினார்கள். அதனால் உடம்பில் பலம் இருக்கிறது, கூடவே மனிதரை விட்டு நகராத குணமும் இருக்கிறது. உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடும், புத்தி மட்டும் இரண்டு, மூன்று வயது வரை குட்டிதான். அதாவது 30 கிலோ எடையில் ஒரு குட்டி உங்கள் ஹாலில் ஓடுகிறது.

அது பாய்வது திமிரால் அல்ல. உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துத் தள்ளி, "டேய் இறங்குடா" என்று கத்துகிறோம். முன்னங்காலால் தட்டித் தட்டி விளையாடுவதே இதன் வழக்கம் என்பதால், நம் தள்ளலும் சத்தமும் அதற்குத் திட்டாகவே படாது, விளையாடக் கூப்பிடுவது மாதிரிதான் படும். அது கேட்டது கிடைத்துவிட்டது.

அதனால் பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், கண்ணைக்கூடப் பார்க்காமல் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியிலேயே குனிந்து தடவிக் கொடுங்கள், ஒரு துண்டு தீனி கொடுங்கள். அந்த நொடி முக்கியம். நீங்கள் பாக்கெட்டைத் துழாவி முடிப்பதற்குள் அது மறுபடி எழும்பியிருந்தால், தீனி பாய்ந்ததற்குத்தான் போய்ச் சேரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சில நாள் இன்னும் மோசமாகப் பாயும், குரைக்கவும் செய்யும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று பலமாக முயன்று பார்க்கிறது. நிறையப் பேர் கைவிடுவது இங்கேதான். அந்த நேரம் பார்த்து இளகினால், இன்னும் உயரமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் திரும்பி நிற்க, தாத்தா மட்டும் "வாடா ராஜா" என்று நெஞ்சில் ஏற்றிக்கொண்டால் வேலைக்கு ஆகாது. உண்மையில் நாயைவிடத் தாத்தாக்களைப் பழக்குவதுதான் கஷ்டம்!

பாயாதே என்று மட்டும் சொன்னால் போதாது, பதிலுக்கு என்ன செய்வது என்பதையும் காட்ட வேண்டும். தீனியை மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கியதும் தீனி. இது படிந்தபின் "உட்கார்" என்ற சொல்லைச் சேருங்கள். விருந்தாளி வரும்போது பெல்ட்டில் பிடித்துக்கொண்டு உட்கார வையுங்கள், உட்கார்ந்தால்தான் அவர் கிட்டே வர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் இழுத்தால் இதற்குச் சலித்துவிடும். வெள்ளை பாக்ஸர்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அவற்றுக்குக் கைச்சைகையே சொல்.

அடிப்பது வேண்டவே வேண்டாம். அடிபட்ட பாக்ஸர் ஒன்று முரண்டு பிடிக்கும், இல்லையென்றால் உங்களைக் கண்டு ஒதுங்கும். கற்றுக்கொள்ளாது.

வீட்டுச் சாமான்களைக் கடித்துக் குதறுவது பெரும்பாலும் சும்மா கிடப்பதால் வருகிறது. தினம் நன்றாக நடக்க விடுங்கள், கடிக்கக் கெட்டியான பொம்மை கொடுங்கள், செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். ஆனால் சப்பை மூக்கு நாய் என்பதால் வெயில் தாங்காது. நடை, ஓட்டம் எல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னால் அல்லது இறங்கிய பிறகுதான். மூச்சு கரகரவென்று இரைக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் காட்டுங்கள்.

விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென மயங்கிச் சரிந்தால் அதைச் சேட்டை என்றோ களைப்பு என்றோ விட்டுவிடாதீர்கள். இந்த இனத்தில் இதயத் துடிப்புக் கோளாறு பரம்பரையாக வருவது உண்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வணக்கம்.